கேட்காத எட்டாவது தட்டு

"நாப்பத்திரண்டு பொலிஸ்காரங்க!" என்றான் ஹியூபேட், வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தின் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு. "நாப்பத்திரண்டு பேரும் துவக்கக் கீழ வச்சிட்டுக் கைய நீட்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு நாயும் நின்னுச்சு. துறைமுகத்துல கப்பல் சங்கு ஊத வாயைத் திறந்துட்டு, வெக்கப்பட்டு மூடிக்கிச்சு. நாங்க ஒரு வார்த்தை பேசல. ஒரு பூட்டுக்கும் திறப்புப் போடல. கூட்டுக்குள்ள இருந்த மனுசன மேசைக்கு மேல ஏத்தி, கீழ விழுத்தி, வெளிய எடுத்தோம். அதுல தலைமாட்டுல நின்னு ஆடினது யாரு தெரியுமா? நம்ம வரதராசா ஐயா!"

கப்பல் வெட்கப்பட்டதை நம்பவும் அந்தக் கட்டடத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். வரதராசா ஆடினார் என்பதை நம்ப ஒரு குருவிகூட இல்லை.

பனியனுக்கும் அயன் போடுகிற மனிதர் அவர். குனிந்தால் சேட்டு கசங்கும் என்று கட்டிலுக்கு அடியில் போன சப்பாத்தைக் குடைக்காம்பால் இழுத்து எடுப்பவர். கலியாணத்தன்று மூன்றாவது முடிச்சுக்குக் குனிய மனமில்லாமல், மணப்பெண்ணைக் கொஞ்சம் எழும்பச் சொன்னவர் என்று ஒரு கதையும் உண்டு.

அப்படி எழும்பினதாகச் சொல்லப்படும் பாலேஸ்வரி முதலாம் மாடி விறாந்தையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இந்த மனுசனோ? ஆட்டமோ? ஹியூபேட், நீர் காலமை தேத்தண்ணி தான் குடிச்சனீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். வரதராசாவின் தங்கச்சி றஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். வரதராசா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சேட்டின் வலக்கை தோள்மூட்டோடு கிழிந்து தொங்க, பத்திரக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி படியேறிப் போனார்.

காலையில் அந்தச் சேட்டு முழுசாகத்தான் இருந்தது.

*

நேற்றுப் பின்னேரம் கொட்டாஞ்சேனையில் றஞ்சிதத்தின் தம்பி சிவமணியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஏன் பிடித்தார்கள் என்பதை ஒரு வாய் சொல்லிவிட்டு நடப்போம்.

றஞ்சிதத்தின் குழுவில் ஐந்து பேர். பாதி ஆட்டம், பாதி நாடகம், வசனம் மருந்துக்கும் கிடையாது. உடம்புதான் கதைக்கும். "தேங்காய்ப்பால் விடாத சொதி" என்று வரதராசா அதற்குப் பேர் வைத்திருந்தார். ஒரு நாளாவது வந்து பார்த்தவரல்லர். பார்க்கவும் தேவையிருக்கவில்லை. றஞ்சிதமும் தம்பி சிவமணியும் இரண்டாம் மாடியில், அவர் நேர் கீழே. நாலு மாதமாக ஒத்திகை முழுவதும் அவருடைய தலைக்கு மேலேதான் நடந்தது.

கடைசியில் ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"ஏழு தரம் இடிக்கிறியள். சரி. எட்டாவது எங்கை? எட்டாவது இடி வரும், வருமெண்டு நான் கீழை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். அது வராது! பேந்து ஏழு. பேந்து ஒண்டுமில்லை. நாலாம் தரம் ஒண்டுமில்லாத இடத்திலை தொம்மெண்டு ஆரோ விழுறியள். என்ர நெஞ்சும் அதோடை விழுது. எனக்குப் பிறசர் இருக்கு, தெரியுமே? இனி உந்தக் கூத்து இஞ்சை வேண்டாம்."

அன்றிலிருந்து ஒத்திகை, குழுவில் ஒருவனான ஹியூபேட்டின் கொட்டாஞ்சேனை வீட்டு மேல்மாடிக்குப் போனது. ஜன்னல்களுக்குத் திரை இல்லாத மேல்மாடி. எதிர்வீட்டுக்காரர் யாரோ பார்த்தார்கள்: ஐந்து தமிழ் பேசுகிற ஆட்கள், வாயே திறக்காமல், தரையில் தவழ்கிறார்கள், விழுகிறார்கள், ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வருஷம் கொழும்பில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது.

பொலிஸ் வந்தபோது அங்கே தனியாக இருந்தது சிவமணி. மேசையில் இருந்தது றஞ்சிதத்தின் கொப்பி. அதில் பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு வாசல். மண்மூட்டை. காவலுக்கு இரண்டு பேர். அவர்களை நோக்கி அம்புக்குறிகள், எண்கள். பதினான்காம் பக்கத்தில் உயரத்தில் இருந்து விழுகிற ஓர் ஆள்.

அவர்கள் ஆடியது சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்பவர்களின் கதை. அதைச் சாவடிக்காரருக்கே சொல்லி விளங்கப்படுத்துவது எப்படி?

*

காலை பத்து மணிக்குப் பொலிஸ் நிலையத்தின் முற்றத்தில் நாலு பேர் நின்றார்கள். றஞ்சிதம், ஹியூபேட், குழுவில் சிங்களம் சரளமாக வருகிற பலீலா, நாலாவதாக வரதராசா. அவர் கழுத்துப்பட்டியோடு வந்திருந்தார். நெஞ்சோடு அந்தக் கோப்பு. பிறப்புச் சாட்சிப் பத்திரம், பொலிஸ் பதிவு, வேலைக் கடிதம், மூன்று தலைமுறையின் முத்திரை எல்லாம் அதற்குள். கொழும்புக்கு வந்த நாள் தொட்டு அவர் அதைக் கீழே வைத்து யாரும் கண்டதில்லை.

"யோகநாதன் எங்கை?" என்றார் மெதுவாக.

யோகநாதன் குழுவின் ஐந்தாவது ஆள். தெஹிவளையில் ஓர் அறையில் இருக்கிறவன்.

"காலமை போன் பண்ணினனான். எடுக்கேல்லை."

"ஒளிச்சிட்டான்."

"அண்ணை, அப்பிடிச் சொல்லாதையுங்கோ."

"எவன் வருவான்? நானெண்டாலும் வராமல் விட்டிருப்பன்." வந்து நின்றுகொண்டே அதைச் சொன்னார்.

பொறுப்பதிகாரி மூன்று நாள் நித்திரையில்லாத கண்ணோடு கொப்பியைப் புரட்டினார். பலீலா சொல்லச் சொல்லக் கேட்டார். ஒத்திகை என்றாள், மேடை என்றாள், நாட்டியம் என்றாள். அவர் பதினான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டார்.

"ஆடுற ஆள் மேசையிலிருந்து பின்பக்கமா விழுவார், மாத்தயா. நாலு பேர் பிடிப்போம்," என்றாள் பலீலா சிங்களத்தில்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் ஒரு பஸ் தெற்கே தடுப்பு முகாமுக்குப் போகிறது. பட்டியலில் சிவமணியின் பேர் ஏறியாயிற்று. ஏறின பேரை இறக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும்.

"கரலா பென்னன்ன."

பலீலா திரும்பினாள். "செஞ்சு காட்டட்டாம், அக்கா. இப்ப, இங்கேயே. கொப்பியில ஈக்கிற மாதிரியே வந்தா நாடகமாம். ஒரு புள்ளி மாறினாலும் பஸ்ஸாம். நமக்குள்ள ஒரு பேச்சும் பேசப்படாதாம். சிவமணிக்கு ஒண்டும் சொல்லவும் ஏலாதாம். பேசினா சொல்லிக்குடுத்தது எண்டு எடுத்துக்குவாராம்."

றஞ்சிதம் கொப்பியைப் பார்த்தாள். கொப்பியில் இருக்கிறபடி ஆடினால் அந்தக் காவல்காரரின் முகத்துக்கு முன்னாலேயே அவர்களையே ஆடிக் காட்டவேண்டும். மாற்றி ஆடினால் தம்பி பஸ்ஸில். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. பிடிக்க வேண்டியவர்கள் நாலு பேர். இருப்பவர்கள் மூன்று.

"அவரிட்டைச் சொல்லு, ஒரு ஆள் குறையுதெண்டு..."

"எபா!" என்று, பேச்சு வேண்டாமென மறித்தார் பொறுப்பதிகாரி. கதை முடிந்தது.

*

முற்றத்தின் நடுவில் ஒரு மேசை. மேசைக்கு மேல் ஒரு வாங்குப் பலகை. அதற்குக் கீழே சீமெந்துத் தரை. ஒத்திகையில் அந்த இடத்தில் இரண்டு மெத்தை கிடக்கும்.

சிவமணியைப் பின்கதவால் கொண்டுவந்து, அவர்களுக்கு முதுகு காட்டி ஏற்றினார்கள். அவனுடைய வேஷமும் அதுதான். வரிசையின் முதல் ஆள். முதலிலிருந்து கடைசிவரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் நடப்பதை முதுகால் கேட்கவேண்டும். ஒரு காலில் செருப்பில்லை. சேட்டில் இரண்டு பட்டன் இல்லை. யோகநாதன் வரவில்லை என்பது அந்த முதுகுக்குத் தெரியாது.

முதலாவது சுற்று. ஏழு தட்டு, எட்டாவது மௌனம்.

ஹியூபேட்டும் பலீலாவும் காவல்காரர். றஞ்சிதம் வரிசை. ஒற்றை ஆளாக வரிசை. இல்லாத பையைத் திறந்து காட்டினாள். ஹியூபேட் உள்ளே கைவிட்டு இல்லாத சீப்பை எடுத்தான், இல்லாத கடிதத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான், பிறகு அவளுடைய நிழலின் ஒரு நுனியைப் பிடித்து உதறி, அதற்குள்ளும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான்.

சுவரோரம் நின்ற ஒரு பொலிஸ்காரனின் தாடை இறுகியது. வரதராசா கோப்பை இன்னும் இறுக்கினார்.

இரண்டாவது சுற்று. ஏழு தட்டு, மௌனம்.

பலீலா துவக்கு மாதிரிப் பிடித்த வெறுங்கையை இடமிருந்து வலம் மாற்றினாள். இடக்காலைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்தாள். வெயிலில் ஆறு மணித்தியாலம் நின்ற கால் செய்கிற வேலை அது. தாடை இறுகியவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவனும் அப்போது அதையேதான் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவன் மூக்கால் சிரித்தான். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. கொப்பியில் விரலை வைத்து, படத்தையும் ஆட்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

மூன்றாவது சுற்று. யாரோ ஒரு பொலிஸ்காரன் தன்னை மறந்து தட்டுகளை எண்ணத் தொடங்கியிருந்தான். "பஹ... ஹய... ஹத..."

மௌனம்.

இன்னும் ஒரு சுற்று. றஞ்சிதம் ஆடிக்கொண்டே கணக்குப் போட்டாள். பலீலாவும் அவளும் மணிக்கட்டைப் பூட்டிக் கால்மாட்டைப் பிடிப்பார்கள். தலைமாட்டில் ஹியூபேட் தனி. எதிரே கைகோத்துப் பிடிக்க ஆளில்லை. இடுப்பு தப்பும், கால் தப்பும். தலை?

கத்தலாம். "தம்பி, விழாதை!" இரண்டே சொல். சொன்னால் அவன் விழமாட்டான், பஸ்ஸில் ஏறுவான். சொல்லாவிட்டால் விழுவான், சீமெந்தில். நாலு மாதமாக உடம்பைக் கதைக்கப் பழக்கியவளுக்கு, அந்த நேரத்தில் வாயும் வேலை செய்யவில்லை, உடம்பும் வேலை செய்யவில்லை. கண்ணை மட்டும் அண்ணன் பக்கம் திருப்பினாள். கண்ணும் ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோய் நின்றது, அவ்வளவுதான்.

நாலாவது சுற்று.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது தட்டில் முற்றத்தில் ஒரு புதுச் சத்தம் சேர்ந்தது. லாடம் அடித்த சப்பாத்தின் சத்தம்.

வரதராசா கோப்பைக் கீழே போட்டிருந்தார். வைக்கவில்லை, போட்டார். மூன்று தலைமுறையும் காற்றில் பறந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் முற்றத்தில் நின்ற ஒரு நாய்க்கு மேலால் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாலு. கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் பறக்க, ஐந்து, தலைமாட்டை நோக்கி ஒவ்வோர் அடியையும் இடித்து இடித்து வந்தார். ஆறு. ஒரு தட்டும் பிழைக்கவில்லை. நாலு மாதம் கூரைக்குக் கீழே கிடந்து வாங்கின இடியல்லவா! பார்த்தவர்களுக்குக் கண்ணில் இருக்கும். அவருக்கு நெஞ்சில் இருந்தது.

ஏழு.

அவருடைய கை ஹியூபேட்டின் மணிக்கட்டைப் பிடித்தது. ஏழு வருஷமாகக் கைகொடுக்காமல் தலையாட்டி மட்டும் அனுப்பிய ஹியூபேட்டின் மணிக்கட்டை.

எட்டாவது தட்டு கேட்கவில்லை.

சிவமணி விழுந்தான். பின்பக்கமாக, கையை விரித்து, மரம் சாய்கிற மாதிரி.

தொம்!

சேட்டின் தோள்மூட்டு கிழிந்த சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சிவமணியின் தலை சீமெந்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், வரதராசாவின் முழங்கை மடிப்பில் கிடந்தது. அவன் கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். அண்ணன் கீழே பார்த்தார்.

சுவரோரம் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்திருந்தார்கள். தாடை இறுகியவனின் துவக்கு சுவரில் சாய்ந்திருந்தது. அவனுடைய இரண்டு கையும், வாழைக்குலையை வாங்குகிறவன் மாதிரி, முன்னால் நீண்டிருந்தன. கொஞ்சம் கழித்துத்தான் அவனே அதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டான்.

*

பொறுப்பதிகாரி பட்டியலில் ஒரு பேரை வெட்டினார். ஆனால் அவர் கொப்பியை மூடவில்லை.

தலைமாட்டில் இரண்டு வட்டம். ஒன்றுக்குள் 'ஹி' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'யோ'. அதன் மேல் விரலை வைத்தார். அந்த எழுத்தை அவருக்கு வாசித்துக் காட்ட அங்கே ஆள் இருந்தது.

"இவர் வரதராசா. இது யார்?"

பலீலா றஞ்சிதத்தைப் பார்த்தாள். மறைக்க வழியிருக்கவில்லை.

"நாளை காலை பத்து மணிக்கு அந்த ஆள் இங்கே வரவேணும். வந்தால் கொப்பியைத் திருப்பித் தருவேன். வராவிட்டால்..." பேனையால் வெட்டின பேரைத் தட்டினார். "இதைத் திரும்ப எழுத எனக்கு அரை நிமிஷம் போதும்."

வெளியே வந்ததும் சிவமணி முதன்முதலாக வாய் திறந்தான். "அக்கா, முதலாம் சுற்றிலேயே விளங்கிட்டுது. யோகன்ர கால் இல்லை. மூண்டு பேற்றை தட்டுத்தான் கேக்குது. விழுறேல்லை எண்டுதான் நிண்டனான்."

"பேந்து?"

"பேந்து அண்ணையின்ர சப்பாத்துக் கேட்டுது."

வரதராசா முற்றத்தில் கடதாசி பொறுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து. அவர் குனிந்ததைக் கண்டவர்கள் அந்த நாலு பேரும், அந்த நாயும்தான்.

*

இதுதான் நடந்தது. இதைத்தான் ஹியூபேட் பின்னேரம் படியில் நின்று ஊருக்கு அளந்துகொண்டிருந்தான்.

அவன் மூன்றாம் தரம் கப்பல் சங்குக்கு வந்தபோது, மேலே டெலிபோன் அடித்தது. றஞ்சிதம் ஓடிப்போய் எடுத்தாள். தெஹிவளையிலிருந்து யோகநாதன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி சரோஜினிதேவி.

"பிள்ளை, யோகன் அங்கையே நிக்கிறான்?"

"இல்லையே அன்ரி. உங்கை இல்லையே?"

"என்னடி மோனை சொல்லுறாய்? காலமை எட்டரைக்கே வெளிக்கிட்டவன். ஆட்டத்திலை சிவமணியைத் தலைமாட்டிலை பிடிக்கிறவன் நான், இண்டைக்கும் நான் கட்டாயம் போகோணும் எண்டு சொல்லிப்போட்டு, தேத்தண்ணியும் குடியாமல் பஸ்ஸுக்கு ஓடினவன். பொலிசுக்கு வந்து சேரேல்லையே?"

றஞ்சிதம் றிசீவரைப் பிடித்தபடி நின்றாள். தெஹிவளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் எத்தனை சாவடி? அவள் எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடியவில்லை.

அவள் படிக்கு வந்து சொன்னபோது சிரிப்பு ஒவ்வொரு மாடியாக நின்றது. ஹியூபேட் கடைசிப் படியில் அப்படியே குந்திவிட்டான். சிவமணி சுவரில் தலையைச் சாய்த்தான்.

"ஒளிக்கேல்லை," என்றாள் றஞ்சிதம். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "அவன் வந்தவன். எங்களிட்டை வர வெளிக்கிட்டவன்."

வரதராசா தன் கதவு வாசலில் நின்றார். கிழிந்த சேட்டு மாற்றப்படவில்லை. காலையில் தான் சொன்ன சொல் அவருடைய முகத்தில் எழுதியிருந்தது.

பாலேஸ்வரி புருஷனையும் அந்தக் கிழிசலையும் மாறிமாறிப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் ஒரு தலையளவுக்குக் கன்றிப்போயிருந்தது. அவளுடைய சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"இஞ்சாருங்கோ... இந்தப் பொடியன் சொன்னது உண்மையே? நீங்கள் அந்த இடத்திலை நிண்டனீங்களே?"

நாலு மாடியும் காத்திருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் வேலை செய்யும் கப்பல் கொம்பனியில் அவருடைய கதிரை தப்பும், நாளைக்கு அவரைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். றஞ்சிதம் அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"ஹியூபேட் சொன்னது பிழை," என்றார் வரதராசா.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"நாப்பத்திரண்டு பேர் இல்லை. ஏழு பேர்தான். துவக்கை விட்டவன் ஒரே ஒருத்தன். கப்பல் சங்கு எனக்குக் கேக்கேல்லை." கிழிந்த சேட்டுக்கையோடு கோப்பை எடுத்து, யோகநாதனை மீட்க அதற்குள் எந்தக் கடதாசி உதவும் என்று தேடத் தொடங்கினார். "நாய் நிண்டது. மற்றதெல்லாம் நடந்தது."